பல்லைப் பார்க்க வெட்கப்பட்டோம்

எமது பாட்டனார் உழவு மாடு வாங்கப் புறப்படும் நாட்களில் எம்மையும் உடன் அழைத்துச் செல்வது வழக்கம். 1960 களின் நடுப்பகுதி அது. எமக்கு அப்பொழுது ஆறு அல்லது ஏழு வயதிருக்கும். மாடு நிற்கும் பட்டிக்குச் சென்றதும் அவர் விலையைப் பற்றி வாய் திறப்பதில்லை. வெற்றிலையை மென்றவாறு மாட்டை மூன்று முறை சுற்றி வருவார். நெற்றிச் சுழியைப் பார்ப்பார். முதுகுச் சுழியைப் பார்ப்பார். குளம்பைத் தூக்கித் தட்டுவார். நாலடி நடக்கவிட்டு நடையைக் கவனிப்பார். ஈற்றில், விற்பவன் கண்முன்னேயே மாட்டின் வாயைப் பிளந்து கீழ்த்தாடைப் பற்களை எண்ணுவார். விற்பவன் "நாலு பல்" என்று சொல்லியிருப்பான். பாட்டனார் எண்ணி முடித்துவிட்டு, "ஆறு முளைத்துவிட்டது, தம்பி" என்பார். விற்பவன் சிரித்துக்கொண்டு தலையைச் சொறிவான். அதன் பின்னரே விலைப்பேச்சு ஆரம்பமாகும்.

பல்லைப் பார்த்துவிட்டாரே என்று விற்பவன் கோபித்ததை நாம் ஒருநாளும் கண்டதில்லை. பார்ப்பதற்குப் பாட்டனார் கூச்சப்பட்டதையும் கண்டதில்லை. விற்பவன் தன் மாட்டைப் புகழ்வதும், வாங்குபவன் அதன் வாயைத் திறந்து பார்ப்பதும் இருவருக்கும் இயல்பான காரியங்களாக இருந்தன.

அத்தகைய பாட்டனாரின் பேரனாகிய நாம், 2025 ஆம் ஆண்டில் ஒரு புதிய மோட்டார் வண்டி வாங்கச் சென்று, பல்லைப் பார்க்க வெட்கப்பட்டு, அதனால் அடைந்த இடர்களை ஈண்டு எழுத முற்படுகிறோம். இது ஒரு நிறுவனத்தின் மேல் பழி சுமத்தும் நோக்கத்துடன் எழுதப்படுவதன்று. பழியிற் பாதி எம்முடையது என்பதை வாசிக்கும் அன்பர்கள் போகப் போக அறிந்து கொள்வார்கள்.

எமது குடும்பத்துக்கு மோட்டார் வண்டி முற்றிலும் புதிய பொருளன்று. எம் தந்தையார் ஓர் ஒஸ்ரின் ஏ-40 வைத்திருந்தார். அவர் அதை வேறொருவரிடமிருந்து பழையதாகவே வாங்கினார். வாங்கிய அன்று வீட்டு முற்றத்தில் அதன் மூடியைத் திறந்துவைத்து, அயலிலுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து, அரை நாள் முழுவதும் குடைந்து குடைந்து பார்த்ததும் எமக்கு நினைவிருக்கிறது. 1990 களில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்து ஏனைய வண்டிகளைப் போலவே அந்த ஒஸ்ரினும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஊர் சுற்றியது. பின்னால் எழும் புகையில் நாயும் நிற்காது. ஆயினும் பிரசவத்துக்கும் பிணிக்கும் அயலவர் எல்லாரையும் வைத்தியசாலைக்குச் சுமந்தது அதுவே. தந்தையார் மறைந்தபின் அது கைமாறிப் போயிற்று. அதன்பின் எமக்குத் துவிச்சக்கர வண்டியும் பஸ்ஸுமே கதி.

2019 இல் ஆசிரியப் பணியிலிருந்து நாம் ஓய்வு பெற்றபோது, கிடைத்த பணிக்கொடையில் ஒரு சிறிய கார் வாங்குவோம் என்று எண்ணினோம். எம் இல்லாளுக்கு இரண்டு முழங்கால்களிலும் வாதம். கோப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் ஏறி இறங்குவதே அவளுக்கு ஒரு தண்டனை. ஆனால் நல்ல கார் பார்ப்போம், பார்ப்போம் என்று நாட்களைக் கடத்தினோம். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. நாட்டிலிருந்த பழைய கார்களின் விலை ஆகாயத்துக்கு ஏறியது. 2022 இல் நாடு கடனைக் கட்ட இயலாது கைவிரித்தது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், சில மாதங்களுக்குள் 360 ரூபாவையும் தாண்டியது. எமது பணிக்கொடை வங்கியில் உறங்கிக்கொண்டிருக்கையிலேயே, டொலர்க் கணக்கில் ஏறக்குறையப் பாதியாய் இளைத்துப்போயிற்று.

2025 பெப்ரவரி முதலாந் திகதி தொடக்கம் தனியார் கார்களின் இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்த அன்று மாலை, எம் மகள் எம் அருகில் வந்து அமர்ந்தாள். அவள் கட்டடப் பொறியியலாளர்; மணமாகவில்லை; ஐந்தாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேமித்து வந்தவள். "அப்பா, என்னுடைய காசும் உங்களுடைய காசும் சேர்ந்தால் கடன் இல்லாமலே ஒரு சின்னக் கார் எடுக்கலாம். அம்மாவை நான் கொண்டுபோய் வருவேன்" என்றாள். மூன்றில் இரண்டு பங்கு அவளுடைய பணம். ஓட்டப் போகிறவளும் அவளே. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; ஏனெனில் மறுவாரம் காட்சிசாலைக்குச் சென்றபோது நாமே அதை மறந்துவிட்டோம்.

ஷோரூம் என்று இளைஞர் வழங்கும் அந்தக் காட்சிசாலை கண்ணாடிச் சுவர்களால் ஆனது. உள்ளே குளிர், தரையோ முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. வேட்டியும் செருப்புமாகச் சென்ற எமக்கு, செருப்பை வாசலில் கழற்ற வேண்டுமோ என்ற ஐயமே முதலில் உண்டாயிற்று. கழுத்துப்பட்டி அணிந்த ஓர் இளைஞர் விரைந்து வந்து, "வாருங்கள் ஐயா" என்று கைகூப்பினார். நாற்காலி தந்தார். தேநீர் வந்தது. நாற்பதாண்டுகள் வகுப்பறையில் நின்று பேசியவர்கள் நாம். ஆயினும் அந்தக் குளிரிலே எமது நாவும் உறைந்துவிட்டது.

இளைஞர் பேசியவை அனைத்தும் எம்மை நோக்கியே. "ஐயாவுக்கு எந்த நிறம் பிடிக்கும்? ஐயா எவ்வளவு தூரம் ஓடுவீர்கள்?" மகள் கேட்ட வினாக்களுக்கும் அவர் எம் முகத்தைப் பார்த்தே விடை சொன்னார். எஞ்சினைப் பற்றி அவள் கேட்டாள். அவர் எமக்கு விளக்கினார். உத்தரவாதத்தைப் பற்றி அவள் கேட்டாள். அவர் எமக்கு விளக்கினார். அவளுக்கென்று அவர் தாமாகச் சொன்ன ஒரே விஷயம், சூரியத்தட்டியின் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது என்பதுதான். ஓட்டிப் பார்க்கலாமா என்று அவள் கேட்டபோது திறப்பை எம்மிடம் நீட்டினார். எமது சாரதி அனுமதிப்பத்திரம் காலாவதியாகிப் பல ஆண்டுகள். "மகள்தான் ஓட்டுவாள், தம்பி" என்று அப்பொழுதாவது நாம் சொல்லியிருக்கலாம். சொல்லாது, "தேவையில்லை, பார்த்தாலே தெரிகிறது" என்று பெருந்தன்மையோடு மறுத்துவிட்டோம். அங்கு ஓட்டிப் பார்க்க நின்ற வண்டியும் நாம் வாங்கவிருந்த வகையன்று. அதனினும் விலை கூடியது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

விலை 72 இலட்சம் ரூபா என்றார். அதில் என்னென்ன அடங்கும் என்று மகள் கேட்டாள். ஒரு கடதாசியில் சில தொகைகளைக் குறித்துக் காட்டினார். பதிவுச் செலவு வேறு. ஆசன உறை, தரைவிரிப்பு, வர்ணத்துக்கு மேற்பூச்சு என்று 2 இலட்சத்துப் பத்தாயிரம் வேறு. அது "எல்லாரும் எடுப்பது" என்றார். காப்புறுதியைத் தாம் காட்டும் நிறுவனத்திலேயே எடுத்தால் "வேலை சுலபம்" என்றார். கடன் எடுக்கவில்லை, முழுப் பணமும் கையில் இருக்கிறது என்று நாம் பெருமையோடு சொன்னபோது அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தோம், சற்று வாடியது. இத்தகைய விற்பனையில் குத்தகைக் கடனுக்கும் காப்புறுதிக்கும் தரகுப்பணம் உண்டென்பதும், காசு கொண்டு வருபவன் அவ்வகையில் விரும்பத்தகாத விருந்தாளி என்பதும் எமக்கு அப்பொழுது விளங்கவில்லை.

பின்னர் முன்பதிவுப் பத்திரம் வந்தது. நான்கு பக்கம், சிறிய எழுத்து, முழுவதும் ஆங்கிலம். விற்பவரும் தமிழர், வாங்குபவரும் தமிழர், கடை நிற்பதும் யாழ்ப்பாணத்தில். ஆயினும் பத்திரத்தில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. நாம் ஆங்கிலம் அறியாதவர் அல்லர். ஆனால் சட்ட ஆங்கிலம் வேறு பாஷை. ஒரு வாக்கியத்தின் தலையைப் பிடித்தால் வால் தெரியாது. வாலைப் பிடித்தால் தலை தெரியாது. விளங்கவில்லை என்று ஓர் இளைஞர் முன்னிலையில் சொல்ல எமது உபாத்தியாயப் பெருமை இடங்கொடுக்கவில்லை. விளங்கியவர் போலத் தலையசைத்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினோம்.

மகள் புரட்டவில்லை, வாசித்தாள். ஒப்பந்தப் பத்திரங்களை வாசிப்பது அவள் தொழிலில் அன்றாட வேலை. மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து, "விலை முன்னறிவித்தலின்றி மாறலாம் என்றிருக்கிறதே. வண்டி வரும் நாளும் இல்லை. எந்த ஆண்டில் செய்த வண்டி என்பதும் இல்லை. இவற்றை எழுதித் தருவீர்களா?" என்று கேட்டாள்.

இளைஞர் அவளுக்கு விடை கூறவில்லை. எம்மைப் பார்த்துப் புன்னகைத்தார். "ஐயா, மகளுக்கு எங்கள்மேல் நம்பிக்கை இல்லைப் போலிருக்கிறது. 2025 வண்டிதான், ஆறு வாரத்தில் வந்துவிடும். இது எல்லாரும் வைக்கிற கையொப்பம். இன்று பதிவு செய்யாவிட்டால் இந்தத் தொகுதி முடிந்துவிடும், இன்னும் இருவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்" என்றார்.

அந்தக் கணத்தில் நாம் செய்த காரியத்தை நினைக்க இன்றும் உள்ளம் குறுகுகிறது. "பிள்ளை, போதும். தம்பிக்கு வேலை கிடக்கிறது; வையும் கையொப்பத்தை" என்றோம். அவள் எம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பின்பு ஒன்றும் பேசாது கையொப்பமிட்டு, 20 இலட்சம் ரூபா முற்பணத்துக்குக் காசோலை எழுதினாள். அந்தக் காசோலை அவளுடைய கணக்கில் எழுதப்பட்டது.

ஆறு வாரம் பன்னிரண்டாயிற்று. தொலைபேசியில் அழைத்தால், "கப்பலில் வருகிறது ஐயா" என்பார்கள். அடுத்த வாரம், "துறைமுகத்தில் நிற்கிறது" என்பார்கள். அதற்கடுத்த வாரம் மீண்டும் கப்பலில் வரும். துறைமுகத்துக்கு வந்த வண்டி எவ்வாறு திரும்பக் கடலுக்குச் சென்றது என்று கேட்க எமக்குத் துணிவு வரவில்லை. பதினைந்தாம் வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. டொலர் விலை ஏறியமையால் வண்டியின் விலை 3 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா கூடியுள்ளது என்றும், மீதிப் பணத்துடன் வருமாறும் அதில் எழுதியிருந்தது.

மகள் கணக்குப் பார்த்தாள். கூடிய தொகை விலையில் நூற்றுக்கு ஐந்துக்கும் மேல். ஆனால் அம்மாதங்களில் டொலர் 300 ரூபாவைச் சுற்றியே நின்றது. அத்துணை ஏற்றம் அதில் இல்லை. வரிகள் பல இருப்பது உண்மையே. சுங்கத் தீர்வை, அதன்மேல் மிகைவரி, எஞ்சினின் கொள்ளளவு பார்த்து விதிக்கும் உற்பத்தி வரி, இவையெல்லாவற்றின் மேலும் 2024 தொடக்கம் நூற்றுக்கு 18 ஆக உயர்ந்த பெறுமதி சேர் வரி என்று, கப்பலிலிருந்து இறங்கும் கார் ஒன்று எம் வீட்டு முற்றத்தை அடையுமுன் பல படிகளில் விலை ஏறுகிறது. அவற்றுள் எது மாறியது என்று கேட்டோம். விடை இல்லை. "நீங்கள் கையொப்பமிட்ட பத்திரத்தில் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள்" என்பதே விடை.

இந்த வித்தை எம் நாட்டில் மட்டும் நிகழ்வது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1950 களில் கார் விற்போர், விலையை வேண்டியவாறு உயர்த்திச் சொல்லிப் பின் குறைப்பது போல் நடித்து மக்களை மயக்கி வந்தனர். ஒக்லஹோமா மாநிலத்துச் செனற்றர் மைக் மன்றோனி என்பார் முன்னின்று, 1958 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் உற்பத்தியாளரே ஒரு விபரத்தாளை ஒட்ட வேண்டும். அதில் அடிப்படை விலை, ஒவ்வோர் உபகரணத்தின் விலை, கொண்டுவந்த கூலி, வண்டியின் அடையாள இலக்கம், அது பூட்டி முடிக்கப்பட்ட இடம் என்பன இருத்தல் வேண்டும். வாங்குபவர் கைக்கு வருமுன் அதைக் கிழித்தல் குற்றமாகும். இன்றும் அத்தாள் அங்கே அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. ஒரு துண்டுக் கடதாசிதான். ஆனால் வாங்குபவன் வாய் திறந்து கேட்க வெட்கப்படும் வினாக்களுக்கெல்லாம் அது முன்கூட்டியே விடை சொல்லிவிடுகிறது.

எம் கதைக்குத் திரும்புவோம். இல்லாளின் முழங்காலை நினைத்து, கூடிய தொகைக்கும் இசைந்தோம். வண்டி ஒப்படைக்கும் நாள் ஒரு திருமண வைபவம் போல் இருந்தது. காருக்குச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். சில்லுகளின் கீழ் எலுமிச்சங்காய், மேலே மாலை, புகைப்படம் எடுக்க ஒருவர், எமது கையில் கொடுக்க, அட்டையில் செய்த பெரிய திறப்பு ஒன்று. முகாமையாளரும் வந்து நின்றார். இல்லாள் காரின் ஆசனத்தைத் தடவிப் பார்த்து, கண் கலங்கினாள்.

மகள் புகைப்படத்துக்கு வரவில்லை. காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். மீண்டும் ஒருமுறை நடந்தாள். மூன்றாம் முறை சுற்றும்போது, முன் ரயரின் அருகில் அந்தப் பளபளக்கும் தரையில் முழந்தாளிட்டு, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் எதையோ வாசித்தாள். அதைக் கண்டதும் எமக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு உண்டாயிற்று. அறுபது ஆண்டுகளுக்கு முன் மாட்டின் முன் குனிந்து நின்ற அந்த மனிதரை அங்கே கண்டோம்.

"அப்பா, இங்கே வாருங்கள்" என்றாள். நாமும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தோம். ரயரின் பக்கச் சுவரில் நீளமான ஓர் எழுத்துவரிசை உண்டு. அதன் கடைசி நான்கு இலக்கங்களில் முதலிரண்டும் ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதையும், பின்னிரண்டும் எந்த ஆண்டு என்பதையும் குறிக்கும். அங்கே 3823 என்று இருந்தது. 2023 ஆம் ஆண்டின் 38 ஆவது வாரம். நான்கு ரயரும் அவ்வாறே.

முகாமையாளர் சிரித்தார். "ஐயா, அது ரயர் செய்த காலம், கார் செய்த காலமன்று. ரயர் முன்னரே செய்துவைப்பது" என்றார். அதில் உண்மை உண்டு. ரயர் தொழிற்சாலையிலிருந்து கார்த் தொழிற்சாலைக்குப் போய்ப் பூட்டப்படச் சில மாதங்கள் செல்லலாம். "சரி, செசி இலக்கத்தைப் பார்ப்போம்" என்றாள் மகள். 17 எழுத்துகளும் இலக்கங்களுமாக அமைந்தது அது. ஒன்றோடும் பூச்சியத்தோடும் மயங்காதிருக்க ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளும் அதில் இடம்பெறுவதில்லை. பத்தாவது இடத்தில் ஆண்டுக்குரிய எழுத்தை இடுவது பல தயாரிப்பாளரின் வழக்கம்; எல்லாரும் இடுவதில்லை. இவ்வகைக் காரில் இடுவார்கள் என்பதை மகள் முன்னரே படித்து வைத்திருந்தாள். 2025 ஆயின் அங்கே எஸ் இருக்க வேண்டும். 2024 ஆயின் ஆர். எமது காரில் இருந்ததோ பீ. அது 2023 இற்குரியது.

முகாமையாளரின் சிரிப்பு நின்றது. "ஒருவரும் ஓட்டாத வண்டி, ஐயா. புதியதுதான்" என்றார்.

ஓட்டாத வண்டி புதியது என்பது மெய்யே. ஆயின் அது வயதில்லாத வண்டி ஆகாது. ஒரே இடத்தில் நெடுநாள் நிற்கும் காரின் பற்றரி வலுவிழக்கும். இறப்பர் உறுப்புகள் உலரும். ரயர்கள் நிலத்தில் அழுந்திய பக்கம் தட்டையாகும். பிறேக் தட்டுகளில் துரு ஏறும். இவை யாவும் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு எழுதப்படுகிறது. நாளை விற்கப் போனால் வாங்குபவன் முதலில் பார்ப்பதும் அதையே. காரை எடுத்து வீதியில் இறக்குமுன்னரே அது இரண்டு வயதுக் கார் ஆகிவிடும். 2025 வண்டிக்குரிய விலையைக் கொடுத்து 2023 வண்டியை வாங்க நாம் எதற்காக?

"எழுத்தில் 2025 என்று எங்கே இருக்கிறது, ஐயா?" என்று முகாமையாளர் மெதுவாகக் கேட்டார். இல்லை. எழுதித் தருமாறு கேட்டவளை வாயடைத்தவர் யார்? நாமே.

இம்முறை நாம் வாயடைக்கவில்லை. "மகள் என்ன சொல்கிறாளோ அதுவே எங்கள் முடிவு" என்றோம். "இந்த வண்டியை எடுக்க மாட்டோம்" என்றாள் அவள். நாடாவும் மாலையும் அப்படியே கிடக்க, மூவரும் முச்சக்கர வண்டியில் வீடு திரும்பினோம். இல்லாள் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டு வாசற்படியில் ஏற அவளுக்கு எமது தோள் தேவைப்பட்டது. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் மகள் கடிதம் எழுதினாள். எந்தத் திகதியில், யார் முன்னிலையில், யார் என்ன சொன்னார் என்பதை வரிசையாக எழுதினாள். ரயரையும் செசி இலக்கத்தையும் எடுத்த படங்களை இணைத்தாள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குவோரை மயக்கும் நடத்தையையும் பொருளைப் பற்றிய பொய்க் கூற்றையும் வணிகர்க்குத் தடைசெய்கிறது என்பதைச் சுட்டினாள். பதினான்கு நாட்களுக்குள் மறுமொழி வராவிடின் அந்த அதிகாரசபையிடம் முறையிடுவதாக முடித்தாள். கோபமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. பதிவுத் தபாலில் கொழும்புத் தலைமைக் காரியாலயத்துக்கு ஒரு பிரதி, கிளைக்கு ஒரு பிரதி. பல ஆண்டுகளாக மாணவர்க்குக் கடிதம் எழுதக் கற்பித்த எமக்கு, கடிதம் எதற்கு எழுதப்படுகிறது என்பது அன்று விளங்கிற்று.

ஒன்பதாம் நாள் தொலைபேசி மணி அடித்தது. அந்தக் காரையே எடுத்தால் இரண்டரை இலட்சம் குறைப்பதாகவும், அன்றேல் 2025 இல் செய்த கார் வரும்வரை காத்திருக்கலாம் என்றும் கூறினார்கள். இல்லாளிடம் கேட்டோம், கால் அவளுடையதன்றோ. "இவ்வளவு நாள் பொறுத்தவள் இன்னும் கொஞ்சம் பொறுப்பேன். பிள்ளை சொல்வது போலச் செய்யுங்கள்" என்றாள். காத்திருந்தோம். ஏழு வாரங்களின் பின் வேறொரு கார் வந்தது. இம்முறை உற்பத்தி ஆண்டும் செசி இலக்கமும் இறுதி விலையும் எழுத்தில் இருந்தன. ஆசன உறையும் மேற்பூச்சும் வேண்டாமென்றோம், எவரும் மறுக்கவில்லை. காப்புறுதியை வேறிடத்தில் விசாரித்து எடுத்தோம். அதனால் எந்த வேலையும் கடினமாகவில்லை. ஆனால் முன்னர் கூடிய 3 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா மட்டும் திரும்பவில்லை. அதற்கு எமது கையொப்பம் சாட்சி. அத்தொகையை எமது வெட்கத்தின் விலையென்று வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

காரை எடுத்து வரும் அன்று அந்த இளைஞர் வாசல்வரை உடன் வந்தார். முன்னைய மிடுக்கு அவரிடம் இல்லை. "ஐயா, குறைவிளங்க வேண்டாம். மாதத்துக்கு இத்தனை கார் விற்க வேண்டும் என்று எங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு" என்றார். பின்பு குரலைத் தாழ்த்தி, "முதல் நாள் தங்கச்சி கேட்டதை நீங்களும் கேட்டிருந்தால் எழுதித் தந்திருப்போம். கேட்பவர்களுக்குக் கொடுக்கிறோம்தான்" என்றார். அவர் போன பின்பு அச்சொல் எம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்து நின்றது. கேட்பவர்க்குக் கொடுக்கிறார்கள். அவள் கேட்டாள். கேட்டது போதாது என்று ஆக்கியது எமது மௌனம்.

இதை வாசிக்கும் பெற்றோருக்கும் மாணவருக்கும் நாம் கற்ற சிலவற்றைச் சொல்லி முடிக்க விரும்புகிறோம். விலை என்று சொல்லும்போது, வீதியில் இறங்கும் வரைக்குமான முழுத்தொகையையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். உற்பத்தி ஆண்டும், ஒப்படைக்கும் நாளும், பிந்தினால் முற்பணம் திரும்புமா என்பதும் பத்திரத்தில் இருக்கட்டும். பத்திரத்தை ஓரிரவு வீட்டுக்குக் கொண்டுவந்து வாசியுங்கள். இன்றே கையொப்பமிட வேண்டும் என்று அவசரப்படுத்துவாராயின், அதுவே வாசிக்க வேண்டும் என்பதற்கு அறிகுறி. விளங்காத வாக்கியத்தை விளங்கவில்லை என்று சொல்லுங்கள். வாங்கப் போவது எதுவோ அதையே ஓட்டிப் பாருங்கள். ஓட்டப் போவது யாரோ அவரையே ஓட்ட விடுங்கள். பணத்தைக் கொடுக்குமுன் வண்டியைச் சுற்றி வாருங்கள். ரயரின் அருகில் குனிந்து பாருங்கள். தரை எவ்வளவு பளபளப்பானாலும் முழந்தாளிடக் கூசாதீர்கள். கேள்வி கேட்டவனை அவமதிப்பவன் போல நடிப்பது ஒரு விற்பனை வித்தை. எம் போன்ற கௌரவம் மிகுந்தவர்களே அதில் முதலில் விழுகிறார்கள்.

இப்பொழுது இரு வாரத்துக்கு ஒருமுறை, பருத்தித்துறை வீதி வழியே மகள் காரை ஓட்ட, தாயார் அருகில் அமர, நாம் பின்னாசனத்தில் இருந்து வைத்தியசாலைக்குப் போய் வருகிறோம். முதல் நாள் அவ்வாறு போகையில், நெடுநேரம் உள்ளத்தில் இருந்ததை எடுத்து, "பிள்ளை, அன்று உன்னைப் பேச விட்டிருக்க வேண்டும்" என்றோம். அவள் கண்ணாடியில் எம்மைப் பார்த்தாள். "பரவாயில்லை அப்பா. அடுத்த முறை நீங்களும் சேர்ந்து கேளுங்கள்" என்று சொல்லி, வீதியில் கண்ணை வைத்தாள்.